பதினாறு வயதுத் தாயிடம் கேட்காமல் விட்ட கேள்வி

16, 21, 26, 29, 32, 40, 43, 53.

இந்த எட்டு எண்களையும் ஒருதடவை மெதுவாகப் படித்துப் பாருங்கள். எல்லாமே சதவீதங்கள். 2004-ஆம் ஆண்டு ‘பீடியாட்ரிக்ஸ்’ என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழில் சூசன் ஹில்லிஸும் சகாக்களும் எழுதிய ஒரு கட்டுரையில் வருபவை. சிறுவயதில் வீட்டுக்குள் எந்தக் கொடுமையையும் பார்க்காத பெண்களில் 16 சதவீதம் பேர் பதின்வயதிலேயே கர்ப்பமானார்கள். ஒரு வகைக் கொடுமையை அனுபவித்தவர்களில் 21 சதவீதம். இரண்டு வகை என்றால் 26. இப்படியே ஒவ்வொரு படியாக ஏறி, ஏழெட்டு வகைகளை அனுபவித்தவர்களில் 53 சதவீதத்தில் போய் நிற்கிறது. பாதிக்கு மேல்.

எந்தப் படியிலும் எண் இறங்கவே இல்லை. மனிதர்களைப் பற்றிய ஆய்வுகளில் இவ்வளவு ஒழுங்கான படிக்கட்டு அடிக்கடி கண்ணில் படாது.

என்னை யோசிக்கவைத்தது அந்த வருஷம்தான். ஏன் 2004? இந்த விஷயத்தைப் பற்றி அமெரிக்கா நூறு வருஷத்துக்கு மேலாகக் கவலைப்பட்டிருக்கிறது. இல்லங்கள் கட்டியது, சட்டம் போட்டது, கமிட்டி வைத்தது. கர்ப்பமான சிறுமிகளின் எடை, ரத்த அழுத்தம், பள்ளி மதிப்பெண், அம்மாவின் குணம் எல்லாவற்றையும் குறித்துவைத்தது. இதெல்லாம் நடந்தும் ‘அதுக்கு முன்னாடி உனக்கு என்னம்மா நடந்துச்சு?’ என்ற கேள்வியைப் பெரிய அளவில் கேட்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது. அந்தத் தாமதத்தின் வரலாறுதான் இந்தக் கட்டுரை.

பாவம், பிறகு நோய்

1883-இல் நியூயார்க்கில் ஆரம்பிப்போம். சார்ல்ஸ் கிரிட்டன்டன் ஒரு மொத்த மருந்து வியாபாரி. முந்தைய வருஷம்தான் அவருடைய நாலு வயது மகள் ஃப்ளோரன்ஸ் இறந்துபோயிருந்தாள். அந்தத் துக்கத்தில் மதப்பணியில் இறங்கியவர், ப்ளீக்கர் தெருவில் ‘வழி தவறிய’ பெண்களுக்காக ஓர் இல்லத்தைத் திறந்து அதற்கு மகளின் பெயரையே வைத்தார். பின்னாளில் அமெரிக்கா முழுக்க ஃப்ளோரன்ஸ் கிரிட்டன்டன் இல்லங்கள் முளைத்தன. கல்யாணம் ஆகாமல் கர்ப்பமான பெண் அங்கே போனால் சோறு கிடைத்தது, படுக்கை கிடைத்தது, பிரசவம் பார்த்தார்கள். கேட்ட கேள்வி ஒன்றுதான்: மனந்திரும்பிவிட்டாயா?

இதை எளிதாகக் கிண்டல் செய்துவிடலாம். ஆனால் அந்த இல்லங்களை வளர்த்தெடுத்த டாக்டர் கேட் வாலர் பாரெட், தாயையும் குழந்தையையும் பிரிக்கவே கூடாது என்று பிடிவாதமாக இருந்தவர். குழந்தையோடு இருந்தால்தான் அந்தப் பெண் நிமிர்ந்து நிற்பாள் என்று நம்பினார். பிறகு வந்த ‘அறிவியல்’ காலத்தோடு ஒப்பிட்டால் அந்த பக்திக் காலம் கொஞ்சம் இரக்கம் உள்ளதாகவே எனக்குத் தெரிகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பாதிரியாரின் நாற்காலியில் சமூகப் பணியாளர் வந்து உட்கார்ந்தார். பாவம் போனது, நோய் வந்தது. லியோன்டைன் யங் 1954-இல் எழுதிய ‘அவுட் ஆஃப் வெட்லாக்’ அந்தத் துறையில் பலர் படித்த புத்தகம். அதன் வாதம் இதுதான்: இந்தப் பெண் தற்செயலாகக் கர்ப்பமாகவில்லை, தன்னை அடக்கி ஆளும் அம்மாவோடு தீராத மனச்சிக்கல் இருக்கிறது, அவள் அறியாமலே அவள் மனம் இந்தக் கர்ப்பத்தைத் தேடிப் போனது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இவர்கள் அந்தப் பெண்ணின் சிறுவயதைத் தோண்டத்தான் செய்தார்கள். தோண்டியது அவள் மனதில் உள்ள கோளாறைத் தேடி. அவளுக்கு யாராவது ஏதாவது செய்தார்களா என்று தேடவில்லை.

அதற்கும் ஒரு முன்கதை இருக்கிறது. 1896-இல் வியன்னாவில் ஃப்ராய்டு தன்னிடம் வந்த 18 நோயாளிகளைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். ஹிஸ்டீரியாவுக்கு அடியில் சிறுவயதுப் பாலியல் கொடுமை இருக்கிறது என்றார். அடுத்த வருஷமே அந்தக் கோட்பாட்டைக் கைவிட்டார். அந்த நினைவுகளில் பல கற்பனை, உள்ளே அடக்கிவைத்த ஆசையின் வடிவம் என்ற பக்கம் அவர் சாய, அவருடைய பள்ளியும் கூடவே சாய்ந்தது. அரை நூற்றாண்டு கழித்து அமெரிக்கச் சமூகப் பணிக் கல்லூரிகளுக்குள் நுழைந்தது இந்த இரண்டாவது ஃப்ராய்டுதான். அங்கே படித்த ஒருவர் முன்னால் ஒரு சிறுமி வந்து உட்கார்ந்து ‘மாமாதான்’ என்று வாய் திறந்திருந்தால் அது அவர் காதில் எப்படி விழுந்திருக்கும்?

1975-இல் வெளியான, மனநல மருத்துவ மாணவர்களின் கையில் இருந்த ஒரு பெரிய பாடநூல், குடும்பத்துக்குள் நடக்கும் பாலியல் உறவு பத்து லட்சம் பேரில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் என்று அச்சிட்டிருந்தது. பத்து லட்சத்தில் ஒன்று என்றால், ஒரு டாக்டர் தன் வாழ்நாளில் ஒரு கேஸைக்கூடப் பார்க்க மாட்டார். பார்க்கவே போகாத ஒன்றைப் பற்றி எதற்காகக் கேட்க வேண்டும்?

நோய் என்ற இந்த விளக்கம்கூட எல்லோருக்கும் கிடைக்கவில்லை. ரிக்கி சோலிங்கர் 1992-இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இதை விரிவாகக் காட்டுகிறார். வெள்ளை இனச் சிறுமி என்றால் மனச்சிக்கல், சிகிச்சை, ரகசிய இல்லம். குழந்தையைத் தத்து கொடுத்துவிட்டு ஒன்றுமே நடக்காததுபோல் ஊர் திரும்பலாம். கறுப்பினச் சிறுமி என்றால் மனமே கணக்கில் இல்லை. ‘அவங்க அப்படித்தான்’ என்று முடித்துவிட்டார்கள். ஒருத்திக்கு இட்டுக்கட்டிய மனம், இன்னொருத்திக்கு மனமே இல்லை. 1945-க்கும் 1973-க்கும் இடையில் ஏறத்தாழ 15 லட்சம் பெண்கள் இப்படிக் குழந்தையைத் தத்து கொடுக்க வேண்டியிருந்தது என்று ஆன் ஃபெஸ்லர் எழுதுகிறார். வாழ்நாள் முழுக்க அந்தப் பிறந்தநாளை மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்த பெண்கள் அவர்கள்.

எண்ணிக்கை குறையும்போது வந்த பயம்

அமெரிக்காவில் பதின்வயதுப் பிரசவம் உச்சத்தில் இருந்தது எப்போது என்று கேட்டால் பலரும் எழுபதுகள் என்றோ எண்பதுகள் என்றோ சொல்வார்கள். உண்மையில் 1957. அந்த வருஷம் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் ஆயிரம் பேருக்கு 96 பிரசவங்கள். இன்றைக்கு அந்த எண் 15-க்கும் கீழே. 1957-இல் யாரும் கூச்சல் போடவில்லை, ஏனென்றால் அவர்களில் பெரும்பாலோர் மனைவிகள். பலருக்கு அவசரக் கல்யாணம், ஆனாலும் கல்யாணம்தானே!

கூச்சல் வந்தது 1976-இல். குட்மாக்கர் நிறுவனம் ‘11 மில்லியன் டீன் ஏஜர்கள்’ என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. ‘தொற்றுநோய்’ என்ற சொல் அதன் தலைப்பிலேயே இருந்தது. உள்ளபடி பிரசவ விகிதம் அப்போது இறங்கிக்கொண்டிருந்தது. மாறியது வேறு: கருக்கலைப்பு சட்டபூர்வமாகிவிட்டது, கல்யாணம் செய்யாமல் குழந்தையைத் தானே வளர்ப்பவர்கள் கூடினார்கள், கர்ப்பமான மாணவியைப் பள்ளியிலிருந்து விரட்டக் கூடாது என்று 1972-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. மறைத்துவைத்திருந்த வயிறு வகுப்பறையில் வந்து உட்கார்ந்தது. எல்லோர் கண்ணிலும் பட்டதும் ‘பிரச்சினை’ ஆகிவிட்டது.

இந்தக் காலத்தில்தான் அந்த வாய்ப்பாடு உறைந்தது: சிறுவயதில் கர்ப்பம், அதனால் படிப்பு போச்சு, அதனால் வறுமை, அதனால் மனச்சோர்வு, அதனால் குழந்தையும் பாழ். அம்புக்குறி எல்லாம் ஒரே திசையில். துன்பம் கர்ப்பத்தன்று பிறக்கிறது என்பதில் இடதுசாரி, வலதுசாரி இரண்டு தரப்புக்கும் கருத்து வேறுபாடே கிடையாது. ஒருவர் கருத்தடை மாத்திரை கொடுக்கச் சொன்னார், மற்றவர் பிரம்மச்சரியம் போதிக்கச் சொன்னார், அவ்வளவுதான் வித்தியாசம்.

குண்டாக இருந்தவர்கள் சொன்ன கதை

கேள்வி திரும்பிய இடம் யாரும் எதிர்பார்க்காதது: சான் டியாகோவில் உடல் எடையைக் குறைக்கும் ஒரு கிளினிக்.

கைசர் பெர்மனென்ட்டே என்ற பெரிய மருத்துவ அமைப்பில் வின்சென்ட் ஃபெலிட்டி நோய்த்தடுப்புப் பிரிவின் தலைவர். 1985 வாக்கில் அவருடைய திட்டத்தில் ஒரு விசித்திரம். விட்டு ஓடியவர்களில் பலர், எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்கள்! ஒரு பெண் சுமார் 185 கிலோவிலிருந்து ஒரே வருஷத்தில் 60 கிலோவுக்கு வந்தார். பிறகு மூன்றே வாரத்தில் 17 கிலோ ஏறிவிட்டது. விசாரித்தால், வேலை பார்க்கும் இடத்தில் வயதான ஆண் ஒருவர் அவரைத் தவறான நோக்கத்தோடு அணுகியிருக்கிறார். இன்னும் விசாரித்தால், சிறுவயதில் தாத்தா. அந்த உடம்பு அவருக்குக் கவசமாக இருந்திருக்கிறது. மருத்துவர் பிரச்சினை என்று பார்த்த பருமன், அந்தப் பெண் கண்டுபிடித்த தீர்வு.

ஃபெலிட்டி மற்ற நோயாளிகளிடமும் பேச ஆரம்பித்தார். ஒருவரிடம், முதல் உடலுறவின்போது உங்கள் வயது என்ன என்று கேட்பதற்குப் பதில் வாய் தவறி எடை என்ன என்று கேட்டுவிட்டார். 40 பவுண்டு என்று பதில் வந்தது. 18 கிலோ. நாலு வயதுக் குழந்தையின் எடை அது. 286 பேரிடம் விசாரித்ததில் பெரும்பாலோரிடம் இதே மாதிரிக் கதை. 1990-இல் அட்லான்டாவில் உடற்பருமன் நிபுணர்கள் கூடிய இடத்தில் இதைச் சொன்னபோது நோயாளிகள் சாக்குச் சொல்கிறார்கள் என்று சிலர் அவரையே மடக்கினார்கள். ஃப்ராய்டுக்குப் பின் 94 வருஷம் ஆகியும் அதே பதில்!

ஆனால் அந்தக் கூட்டம் வீண்போகவில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆட்கள் காதில் விஷயம் விழுந்தது. மனச்சோர்வுக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்துகொண்டிருந்த ராபர்ட் ஆண்டா கைகோத்தார். 1995 முதல் 1997 வரை கைசரில் உடல் பரிசோதனைக்கு வந்த 17,000-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தபாலில் கேள்வித்தாள் போனது, பதிலும் வந்தது. இதுதான் ‘ஏஸ்’ ஆய்வு. சிறுவயதுத் துன்ப அனுபவங்கள் என்பதன் சுருக்கம். அடி, வசை, பாலியல் கொடுமை, அம்மா அடிவாங்குவதைப் பார்த்தது, வீட்டில் குடி அல்லது போதை, மனநோய், சிறைக்குப் போன உறுப்பினர், பெற்றோர் பிரிவு. ஒவ்வொரு வகைக்கும் ஒரு மதிப்பெண். எத்தனை தடவை நடந்தது என்ற கணக்கு இல்லை. ஒரு வகை நடந்திருந்தால் ஒன்று. முதல் கட்டுரை 1998-இல் வந்தது.

பதின்வயதுக் கர்ப்பத்தைப் பொறுத்தவரை இதற்கு முன்பே சிலர் கதவைத் தட்டியிருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜூடித் ஹெர்மன் 1981-இல், தந்தையின் பாலியல் கொடுமைக்கு ஆளான 40 பெண்களைப் பற்றி எழுதிய நூலில், அவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் பதின்வயதிலேயே கர்ப்பமானதைக் குறிப்பிட்டிருந்தார். 1992-இல் வாஷிங்டன் மாநிலத்தில் டெப்ரா பாயரும் டேவிட் ஃபைனும் கர்ப்பமாகவோ குழந்தையோடோ இருந்த 535 இளம்பெண்களிடம் பேசினார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேர் பாலியல் கொடுமையை அனுபவித்தவர்கள். அந்தக் கர்ப்பங்களின் தகப்பன்மார்களும் எல்லோரும் பள்ளிப் பையன்கள் அல்ல. கலிஃபோர்னியாவின் 1993-ஆம் ஆண்டுப் பிறப்புப் பதிவுகளைப் புரட்டியபோது, பள்ளி வயதுத் தாய்மார்களின் குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்குத் தந்தை, பள்ளி வயதைத் தாண்டிய ஆண். ‘சின்னப் பசங்க பண்ற தப்பு’ என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு தேசம் இதைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

2004

இப்போது அந்தப் படிக்கட்டுக்குத் திரும்புவோம். ஹில்லிஸ் குழு எடுத்துக்கொண்டது ஏஸ் ஆய்வில் இருந்த 9,159 பெண்களை. படிக்கட்டு மட்டும் என்றால் அது இன்னொரு புள்ளிவிவரமாகப் போயிருக்கும். அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள், என் பார்வையில் அதுதான் முக்கியமானது.

பதின்வயதில் தாயானவர்களுக்குப் பிற்காலத்தில் குடும்பத்தில் சிக்கல், பணக் கஷ்டம், வேலையில் பிரச்சினை, ஓயாத மன அழுத்தம், கோபத்தை அடக்க முடியாமை எல்லாம் அதிகம் என்பது அந்த வாய்ப்பாடு. சரி, சிறுவயதில் கொடுமை எதுவும் நடக்காமல், ஆனால் பதின்வயதில் கர்ப்பமானவர்கள் என்ன ஆனார்கள்? அவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் அந்தச் சிக்கல்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக இல்லை. பாதிப்பு கர்ப்பத்தைப் பின்தொடரவில்லை. சிறுவயது மதிப்பெண்ணைப் பின்தொடர்ந்தது. கர்ப்பத்தின் தலையில் போட்ட பழியில் பெரும்பங்கு கர்ப்பத்துக்கு முன்பு அந்த வீட்டில் நடந்தவற்றுக்குச் சேர வேண்டியது என்று கட்டுரை முடிவு சொன்னது. முதல் கர்ப்பத்தில் கரு இறந்துபோவதும் மதிப்பெண் கூடக் கூடக் கூடியது.

கட்டுரையில் இல்லாத ஒரு சின்னக் கணக்கு. அந்தப் பெண்களின் சராசரி வயது 56. கேள்வித்தாள் போனது தொண்ணூறுகளின் நடுவில். அப்படியானால் சராசரியாக 1940-ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். 1957-இல் பதினாறு, பதினேழு வயது. உச்சத்தில் இருந்த, யாரும் கூச்சல் போடாத, அவசரக் கல்யாணங்களும் ரகசிய இல்லங்களும் நடந்த அதே வருஷங்களின் சிறுமிகள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. நாற்பது வருஷம் கழித்து, பாட்டிமார்களாக இருக்கும்போது, தபாலில் வந்த ஒரு தாள் கேட்டது.

வயதான ஒரு பெண்மணி, தன்னிடம் இதைக் கேட்டதற்கு நன்றி சொல்லி எழுதியதை ஃபெலிட்டி குறிப்பிட்டிருக்கிறார். தனக்கு நடந்தது எவருக்குமே தெரியாமல் செத்துப்போய்விடுவோமோ என்று அந்த அம்மா பயந்துகொண்டிருந்தாராம்.

ஆண்களைப் பற்றியும் ஒரு கட்டுரை 2001-இல் அதே ஆய்விலிருந்து வந்தது. சிறுவயதில் அடிவாங்கிய, பாலியல் கொடுமைக்கு ஆளான, அம்மா அடிபடுவதைப் பார்த்த பையன்கள் வளர்ந்து ஒரு பதின்வயதுப் பெண்ணின் கர்ப்பத்துக்குக் காரணமாவது கூடுதல். இதை ஏனோ யாரும் அதிகம் மேற்கோள் காட்டுவதில்லை.

மனச்சோர்வு எப்போது வந்தது?

மனச்சோர்வைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஹில்லிஸ் அதை நேரடியாக அளக்கவில்லை.

கர்ப்பிணிகளின் மனச்சோர்வை அளக்க இன்று உலகம் முழுக்கப் பயன்படும் கருவி எடின்பரோ அளவுகோல். ஜான் காக்ஸ், ஜெனி ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி மூவரும் 1987-இல் வெளியிட்டது. காக்ஸ் எழுபதுகளில் உகாண்டாவின் கிராமப்புறத்தில் கர்ப்பிணிகளின் மனநிலையை ஆராய்ந்தவர். வழக்கமான மனச்சோர்வுக் கேள்வித்தாள்களில் ஒரு கோளாறு இருந்தது: அசதியா, தூக்கம் கெடுகிறதா, பசி மாறியதா என்று கேட்கும். வயிற்றில் குழந்தை இருந்தாலே இதெல்லாம் இருக்கும்! ஆகவே புதிய அளவுகோலில் உடம்பைப் பற்றிய கேள்விகளைக் கழித்துக்கட்டினார்கள். தூக்கம் பற்றி ஒன்று மட்டும் உண்டு, அதுவும் துக்கத்தால் தூக்கம் கெட்டதா என்று. பத்தே கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். நர்ஸ் ஒருவர் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடலாம். அழகான கருவி.

இந்த மாதிரி அளவுகோல்களால் பதின்வயதுத் தாய்மார்களை அளக்கும்போதெல்லாம் வயதில் மூத்த தாய்மார்களைவிட அதிகச் சோர்வு தெரிந்தது. பார்த்தீங்களா, கர்ப்பத்தின் விளைவு என்றார்கள். ஆனால் கர்ப்பமான பிறகு முதல்முறையாக அளந்தால், எல்லாம் கர்ப்பத்துக்குப் பிறகு வந்ததாகத்தானே தெரியும்?

ஸ்டெஃபனி மோல்போர்னும் எலிசபெத் மார்னிங்ஸ்டாரும் 2009-இல் இதை நேர்செய்தார்கள். பள்ளி மாணவர்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்த ஒரு தேசிய ஆய்வின் தரவில், பிற்பாடு தாயாகப்போகும் பெண்களின் மனநிலையைக் கர்ப்பத்துக்கு முன்பே பார்க்க முடிந்தது. சோர்வு முன்பே இருந்தது. பிரசவத்துக்குப் பிறகும் இருந்தது, நடுவயது வரைக்கும் இருந்தது. தாய்மை அதை உண்டாக்கவில்லை. கூடவே இன்னொரு கண்டுபிடிப்பு: ஏழைச் சிறுமிகள் மத்தியில் மட்டும், கடுமையான மனவேதனை பதின்வயதில் தாயாகும் வாய்ப்பை வெகுவாகக் கூட்டியது. வசதியான வீட்டுப் பெண்ணுக்கு அதே வேதனை இருந்தால் அவள் எங்கோ ஒரு கவுன்சிலரிடம் போய் நின்றாள் போல.

முன்பே இருந்த சோர்வு எப்படிக் கர்ப்பத்தில் போய் முடிகிறது என்பது மர்மம் ஒன்றும் இல்லை. நாளைக்கு நான் இருப்பேனா என்பதே நிச்சயமில்லாதவள் மாத்திரையை மறக்காமல் சாப்பிட மாட்டாள். எட்டு வயதில் ‘வேண்டாம்’ என்று சொல்லி அது செல்லுபடியாகாமல் போனவளுக்குப் பதினாறு வயதில் அந்தச் சொல் வாயில் எளிதாக வராது. வீட்டிலிருந்து தப்பிக்க நினைப்பவளுக்கு, தனி ரூமும் பைக்கும் உள்ள இருபத்தைந்து வயதுக்காரன் ரட்சகனாகத் தெரிவான். தன்னை நிபந்தனை இல்லாமல் நேசிக்க ஓர் உயிர் வேண்டும் என்று குழந்தையை விரும்பியே பெற்றவர்களும் உண்டு. எடை கூடிய அந்த சான் டியாகோ பெண்ணைப் போலத்தான்: வெளியில் இருப்பவருக்குப் பிரச்சினை, உள்ளே இருப்பவளுக்கு வழி.

மறுபக்கம்

ஏஸ் ஆய்வைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. ஐம்பது வயதில் கேட்டு ஐந்து வயதில் நடந்ததை வாங்கும் முறை அது. மறதியும் உண்டு, மறைப்பும் உண்டு. கைசரின் உறுப்பினர்கள் காப்பீடு உள்ளவர்கள், பெரும்பாலும் வெள்ளையர்கள், கல்லூரி வாசலைத் தொட்டவர்கள். பரம ஏழைகள் அதில் குறைவு. (சொல்லப்போனால் இதுவே அதன் பலமும்கூட. ‘எல்லாம் வறுமையால் வருவது’ என்று தள்ளிவிட முடியவில்லை.)

ஆனாலும் இதோடு சம்பந்தமே இல்லாத பாதையில் வந்த பொருளியல் ஆட்களும் ஏறத்தாழ இதே ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். ஆர்லீன் ஜெரோனிமஸும் சாண்டர்ஸ் கோரன்மனும் 1992-இல் அக்கா தங்கைகளை ஒப்பிட்டார்கள்: ஒருத்தி பதின்வயதில் தாய், இன்னொருத்தி இல்லை, இருவருக்கும் ஒரே வீடு. பிற்காலப் பொருளாதார வித்தியாசம் முன்பு நம்பியதைவிட வெகுவாகச் சுருங்கிவிட்டது. ஜோசப் ஹாட்ஸ் குழு இன்னும் சாமர்த்தியமாக, பதின்வயதில் கர்ப்பமாகிக் கரு கலைந்துபோனவர்களை ஒப்பீட்டுக்கு எடுத்தது. அங்கேயும் பெரிய வித்தியாசம் இல்லை. பால்டிமோரில் 1966 முதல் சுமார் 300 இளம் தாய்மார்களை முப்பது வருஷம் தொடர்ந்த ஃப்ராங்க் ஃபர்ஸ்டன்பர்க், தான் எதிர்பார்த்ததைவிட அவர்கள் நன்றாகவே கரையேறினார்கள் என்று எழுதினார். படிப்பைப் பிறகு முடித்தவர்கள், வேலைக்குப் போனவர்கள் நிறைய.

இப்போதைய கவலை வேறு திசையில். ஏஸ் மதிப்பெண் ஒரு ஜாதகம்போல் ஆகிவிட்டது. இணையத்தில் பத்து கேள்விக்கு டிக் அடித்து ‘எனக்கு ஆறு’ என்று பயந்துபோகிறார்கள். ஆண்டாவே 2020-இல், இந்த மதிப்பெண் மக்கள்தொகையை ஆராய உருவாக்கியது, தனி ஒருவரின் எதிர்காலத்தைக் கணிக்க அல்ல என்று எழுத வேண்டிவந்தது. நியாயம்தான். ஒரே ஒரு தடவை அடி வாங்கியவளுக்கும் தினமும் வாங்கியவளுக்கும் அதில் ஒரே எண். படிக்கட்டின் உச்சியில் 53 என்றால், பாக்கி 47 பேர் பதின்வயதில் கர்ப்பமாகவில்லை என்பதும் அதே தாளில்தான் இருக்கிறது. 2010-இல் ஹில்லிஸ் எழுதிய இன்னொரு கட்டுரை அந்தப் பக்கத்தைப் பார்த்தது. வீட்டில் பாசம், பாதுகாப்பு, உடம்பு சரியில்லை என்றால் டாக்டரிடம் கூட்டிப்போக ஓர் ஆள், இப்படிப்பட்ட பலங்கள் கூடக் கூடப் பதின்வயதுக் கர்ப்பமும் அதன் பின்விளைவுகளும் குறைந்தன. கொடுமை நடந்த வீடுகளிலும் இந்தப் பலங்கள் கொஞ்சம் இருந்திருக்கின்றன. ஒரு பாட்டியோ ஓர் அத்தையோ இருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நம்ம ஊருக்கு இது பொருந்துமா?

அப்படியே பொருந்தாது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களில் 6.3 சதவீதம் பேர் தாயாகவோ கர்ப்பமாகவோ இருந்தார்கள். முந்தைய ஆய்வில் 5.0. இந்திய அளவில் குறைந்துகொண்டிருக்க, இங்கே கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஆனால் இங்கே பதின்வயதுத் தாய் என்றால் பெரும்பாலும் கழுத்தில் தாலி இருக்கும். சிலருக்கு அந்தக் கல்யாணமே கொடுமை; சிலருக்கு வீட்டுக் கொடுமையிலிருந்து ஓடிவந்த இடம். ஏஸ் பட்டியலில் இளவயதுக் கல்யாணத்துக்கு ஒரு கட்டம் கிடையாது. போதாக்குறைக்கு 2012-ஆம் ஆண்டுப் போக்ஸோ சட்டப்படி 18 வயது ஆகாத பெண் கர்ப்பமாக வந்தால் மருத்துவமனை போலீஸுக்குத் தெரிவித்தாக வேண்டும். சட்டத்தின் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பதில் நேராக ஸ்டேஷனுக்குப் போகும் என்று தெரிந்தால், அந்தப் பெண்ணோ அவளைக் கூட்டிவந்த அம்மாவோ எவ்வளவு வாய் திறப்பார்கள்?

கருவி இல்லாமல் இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்காரர்கள் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் தாய்மார்களின் மனச்சோர்வை ஆராய்ந்து 2002-இல் எழுதினார்கள். பிரசவத்துக்குப் பின் புதிதாகச் சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம். எடின்பரோ அளவுகோலின் தமிழ் வடிவத்தைச் சோதித்துச் சரிபார்த்ததும் வேலூரில்தான். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டியும் பதில் வாங்கலாம். பத்துக் கேள்விகள் இருக்கின்றன. பத்தும் கடந்த ஏழு நாட்களைப் பற்றியவை.